ஷூவுக்குள் போன எருசலேம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பைபாஸ் ஓரத்துக் கடை ஒன்றில் மகளுக்கு ஷூ வாங்கப் போனேன். பெட்டியைத் திறந்ததும் தோலும் பசையும் கலந்த அந்த வாசனை. என் கை தானாக ஷூவின் மூக்குக்குள் போய்விட்டது.

"இன்னாம்மா தேடுற? உள்ள தேளா இருக்கு?" என்றாள்.

கசக்கிய காகிதம்தான் இருந்தது. நான் தேடியது ஒரு ஊரை என்று சொல்லியிருந்தால் என்னைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பாள். உங்களிடம் சொல்லலாம்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். குடியாத்தத்தில் லுங்கித் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் புண்ணிய ஊர் என்றால் காஞ்சிபுரமும் காசியும்தான். கம்பெனியில் கட்டிங்கில் வெட்டிய தோல்துண்டுகளைக் கட்டாகக் கட்டி, அளவும் நிறமும் எழுதிய ஓர் அட்டையைச் செருகி அனுப்புவார்கள். பண்டல் கார்டு என்று பெயர். தையல் எல்லாம் தாண்டி, முடிந்த ஷூவின் மூக்கில் அது செருகியபடி என்னிடம் வரும். அதை உருவிவிட்டு ஷூவைப் பெட்டியில் வைக்க வேண்டும். சாயங்காலம் கார்டுகளைக் கட்டிங்குக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கார்டையே மறுநாளும் சுற்றுக்கு விடுவார்கள். இவ்வளவுதான் என் வேலை. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

கட்டிங்கில் ரஹீம் பாய். தையலில் எஸ்தர் அக்கா. அக்கா தன் மெஷினில் சர்ச் காலண்டர் படம் ஒன்றை ஒட்டியிருந்தார்: மதில், வீடுகள், நடுவே தங்கக் குவிமாடம். ஒருநாள் தோல் கொண்டுவந்த பாய் அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னா எஸ்தரக்கா, எங்க பைத்துல் முகத்தஸ் உங்க மெஷின்ல கீது?"

"உங்களுதா? நல்லா பாருங்க பாய், இது எருசலேம்."

அதற்குள் சூப்பர்வைசரின் விசில். லைன் ஓடும்போது பேசக் கூடாது. சாப்பாட்டுக்கும் ஆண்கள் ஒரு ஷெட், நாங்கள் ஒரு ஷெட்.

அதனால் சண்டை கார்டில் ஏறியது. மறுநாள் ஒரு கார்டின் முதுகில் அந்த ஊருக்கு இன்னொரு பேர், பாய் பென்சிலால் உருதுவில் எழுதியது. அதன் கீழே அக்கா தமிழில் எழுதியது. இப்படியே நாளுக்கு ஒன்று. சொன்ன பேரைத் திரும்பச் சொல்லக் கூடாது, தோற்றவர் பிரியாணி கொண்டுவர வேண்டும். பாய்க்குத் தமிழ் படிக்க வராது, அக்காவுக்கு உருது வராது. நடுவில் நான் இரண்டு பக்கமும் வாசித்துக் காட்டுகிறவள். வாசித்தல் என்ன, கார்டு கொடுக்கப் போகும்போது பாயிடம் கேட்டதை அக்காவிடமும், அக்காவிடம் கேட்டதைப் பாயிடமும் ஒப்பிப்பதுதான்.

ஒருநாள் வெளிநாட்டு ஆர்டருக்குப் பெட்டிகளைச் சோதிக்க வந்த ஆய்வாளர் ஒரு ஷூவை எடுத்து உதறினார். முதுகில் இரண்டு மொழியில் எழுதிய அந்தக் கார்டு விழுந்தது. மேனேஜர் முகம் வெளுத்துப்போனது. கண்டெய்னர் கேட்டில் நிற்கிறது. எழுதினவருக்கு இன்றோடு வேலை இல்லை என்றார்.

பாய் முந்திக்கொண்டார். "அல்லாத்தையும் நான்தான் எழுதினேன், சார்."

"தமிழ்லயுமா? சம்பளத்துக்கே உருதுல கையெழுத்து போடுற ஆளு நீ."

"அவர் இல்ல சார், நான்தான்," என்றார் அக்கா.

"நீ எப்போ உருது கத்துக்கின?"

கார்டை உருவாமல் விட்டவள் நான். பக்கத்துப் பெண்ணுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டே பெட்டியை மூடியிருக்கிறேன். வீட்டில் அண்ணன் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை போனால் நேரே மணவறைதான். எதற்கும் நாலு வார்த்தை கூட்டிச் சொல்கிறவள் அன்று ஒன்றும் கூட்டவில்லை. "கார்டை எடுக்காம விட்டது நான் சார்" என்றேன்.

"அதுல அப்படி இன்னாதான் எழுதியிருக்குது?"

"ஒரு ஊரு பேரு சார்."

"ஏழு வரிக்கு ஒரு ஊரா?" எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அல்லா பெட்டியையும் பிரிச்சு, வேற கார்டு இல்லன்னு காட்டுங்க. ஒண்ணு இருந்தாலும் மூணு பேரும் கிளம்பிடுங்க."

பெட்டி பிரிக்கும்போது விசில் இல்லை. அன்றுதான் அவர்கள் இருவரும் வாயாரப் பேசினார்கள். தாவீது ராஜா அந்த ஊரைப் பிடிப்பதற்கு முன்னால் எபூசியர் என்ற சனங்கள் இருந்ததால் எபூசு என்றார் அக்கா. சாலேம் என்றால் சமாதானமாம். குத்ஸ் என்றால் பரிசுத்தம், முகத்தஸ் அதற்குத் தங்கச்சி என்றார் பாய். சீயோன் முதலில் ஒரு கோட்டை மேட்டின் பேராக இருந்து பிறகு ஊருக்கே ஆனதாம்.

"அர்த்தம் இன்னா?"

"பாஸ்டருக்கே தெரியல, பாய்."

பாயின் கடைசிப் பேர் ஈலியா. "ரோமாபுரி ராஜா தன் குடும்பப் பேரை ஊருக்கு வெச்சுட்டான். அரபிங்களும் ஆரம்பத்துல அதையே சொல்லினு இருந்தாங்க."

"புடிச்சவன்லாம் பேர் வெச்சிக்கிறான்," என்றார் அக்கா. "எருசலேம்னா சமாதானத்துக்கு அஸ்திவாரம்னு சர்ச்ல சொல்வாங்க. அஸ்திவாரம் போட்டு எத்தினி காலமாச்சு பாய், வீடு இன்னும் எழும்பலியே."

பாய் கையிலிருந்த பெட்டியை மூடி அடுக்கில் வைத்தார். பிறகு, "அடுத்த பெட்டியைக் கொடும்மா" என்றார்.

வேறு கார்டு இல்லை. வேலை பிழைத்தது. யார் தோற்றது என்று முடிவாகாததால் இரண்டு பேருமே பிரியாணி கொண்டுவந்தார்கள். ஜெயித்தது நான்தான்.

கொஞ்ச நாளில் கார்டு போய் பார்கோடு ஸ்டிக்கர் வந்தது. அதில் பேர் எழுத இடமில்லை. பாய் இப்போது இல்லை. அக்கா ராணிப்பேட்டையில் மகள் வீட்டில். டிவியில் அந்த ஊர் புகையோடு வந்தால் எனக்கு போன் பண்ணுவார். இரண்டு பேரும் ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டோம். "பாத்தியா?" என்பார். "பாத்தேன்க்கா" என்பேன்.

மகள் ஷூவைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து பார்த்தாள்.

"உள்ள எதுனா உறுத்துதா?" என்றேன்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள்.