மார்லீன் கேட்ட வரி

மார்லீன் திபோவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எங்கள் டன்மோர் ஊரில் யாரைக் கேட்டாலும் எழுதிவிடுவார்கள். எனக்குத்தான் கை வராது. நாற்பது வருடமாக அவளைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். ஆனால் அந்த நாற்பது வருடமும் அவளை என்னைப் போல உன்னிப்பாகக் கவனித்தவர்களும் வேறு யாரும் இல்லை.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். கடையில் அவள் தலை தெரிந்தால் போதும், குழந்தைகள் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடுவார்கள். நானும் அதே நாற்பது வருடமாகச் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறேன். வாசிப்பது யார் என்று ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. சர்ச் விற்பனையில் அவள் கேக் பத்து நிமிடத்தில் காலி. என் கேக்கை நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த வருடங்கள் உண்டு.

என் பொறாமை போதாதென்று ஊருக்கே ஒரு பொறாமை இருந்தது. பக்கத்து ஊரான ஆஷ்ஃபோர்டில் ஏரி இருக்கிறது. ஏரியைச் சுற்றிப் பாஸ்டன்காரர்களின் கோடை வீடுகள். வீட்டு வரியை முழுசாகக் கட்டுவார்கள், பள்ளிக்கு ஒரு பிள்ளையைக்கூட அனுப்பமாட்டார்கள். அதனால் அந்தப் பள்ளியில் பித்தளை வாத்தியம் முதல் மண்பாண்ட அறை வரை எல்லாம் உண்டு. எங்களுக்கு இருந்தது ஒரு காகித ஆலை. நான் ஐந்தாம் வகுப்பை முடித்த வருடம் அது மூடப்பட்டது. வரி வரும்படி சுருங்கியது, இசை ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு அந்த வேலைக்கு ஆளே இல்லை.

போன குளிர்காலத்தில் மார்லீன் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்டி, பள்ளிக்கு ஓர் இசை ஆசிரியரும் வாத்தியங்களும் வேண்டும் என்றாள். எங்கள் ஊரில் இதையெல்லாம் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் நாங்களேதான் தீர்மானிக்க வேண்டும். பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில், பனி ஒட்டிய பூட்ஸோடு, மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மார்லீன் எழுந்து பேசினாள்.

"மாசத்துக்கு ஒரு பீட்சா காசுதாங்க. ஆஷ்ஃபோர்டுக்கு வெளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனா, அங்க அந்தப் பசங்க வாசிக்கிறத நம்ம பசங்க கேக்குறாங்க. திரும்பி வரும்போது பஸ்ல ஒரு சத்தம் இருக்காது. எனக்குத் தாங்கல."

பண்ணைக்காரர் ஆரின் விடவில்லை. "ஏம்மா மார்லீன், பசங்க ட்ரம்பெட் ஊதினா என் மாடு ரெண்டு லிட்டர் அதிகமா பால் குடுக்குமா?"

"குடுக்காது ஆரின். ஆனா கறக்கும்போது நீங்க பாடுறதையாவது நிறுத்துவீங்க. பாவம், அதுக்குப் பயந்துதான் பால் வத்திப்போச்சு."

கூடமே சிரித்தது, ஆரினும் சிரித்தார். அதையே நான் சொல்லியிருந்தால் ஒருவர் வாயும் அசைந்திருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாதாரணமாக எல்லோர் முன்னாலும் ஓட்டு அட்டையை உயர்த்தித்தான் ஓட்டுப் போடுவோம். மார்லீன் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையைத் தூக்காமல் இருக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஆனால் ஐந்து பேர் எழுதிக் கொடுத்தால் ரகசிய ஓட்டு நடத்த வேண்டும் என்று சட்டம். நாலு கையெழுத்தோடு ஒரு தாள் பின்வரிசையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்தாவது கையெழுத்து என்னுடையது. வரிசையில் நின்று, 'வேண்டாம்' சீட்டை மடித்து மரப்பெட்டியில் போட்டேன். பிள்ளை குட்டி இல்லாதவள் நான், எனக்கு எதற்கு இந்தச் செலவு என்று மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சீட்டுகளை எண்ணும்போது மார்லீன் காபியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சும்மா இருக்கவில்லை.

"உன் பசங்கதான் வளந்து ஊரவிட்டே போயாச்சே. உனக்கென்னடி இவ்ளோ அக்கறை? நல்ல பேரு வாங்கவா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. "உன்னப் பாத்து வயிறெரிஞ்சுதான்டி, கிளெண்டா."

"என்னப் பாத்தா?"

"நீ அஞ்சாவது, நான் நாலாவது. ஸ்கூல் மியூசிக் ரூம்ல நீ பியானோ வாசிப்ப. நான் பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு வந்து கதவுக்கு வெளிய நிப்பேன். அஞ்சாவதுலதான சொல்லிக்குடுப்பாங்க? அடுத்த வருஷம் நம்ம முறைன்னு நாள எண்ணிட்டிருந்தேன். மில்லு மூடிருச்சு. உங்க வகுப்புதான் கடைசி."

நான் மடியில் இருந்த என் விரல்களைப் பார்த்தேன்.

"உங்க வீட்லயா காசு கட்டினாங்க? ஊருதான கட்டுச்சு. எங்கப்பன் கட்டின வரியும் அதுல இருக்கு. ஞாயித்துக்கிழமை நீ வாசிக்கும்போதெல்லாம், இதுல கொஞ்சம் எனக்கும் கெடைச்சிருக்கணுமேன்னு தோணும். சரி, எனக்குக் கெடைக்கல. என் பஸ்ல வர்றதுங்களுக்காவது கெடைக்கட்டும்."

என் பத்து விரலும் தெரிந்து வைத்திருப்பது ஊர் கொடுத்தது என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. கடவுள் கொடுத்தது என்றுதான் சர்ச்சில் சொல்லிக்கொள்வேன். எழுந்து போய் அந்தப் பெட்டியில் கையை விட்டு என் சீட்டை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் கூட்டத் தலைவர் மைக்கைத் தட்டினார்.

"வேணும் நூத்திப் பதினெட்டு. வேண்டாம் நூத்திப் பதினேழு."

மார்லீன் காபியைக் கொட்டிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒரே ஒரு ஓட்டுடி! அது உன் ஓட்டுதான்டி!" ஊரெல்லாம் கேட்கும்படி கத்தினாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

செப்டம்பரில் இசை ஆசிரியை வந்துவிட்டார். பிள்ளைகளோடு சேர்ந்து பியானோ வாசிக்க ஆள் வேண்டும் என்று கேட்டாராம், மார்லீன் என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். பஸ்ஸில் வரும்போதே பிள்ளைகளிடம், யாருடைய ஓட்டால் இந்த வாத்தியம் வந்தது என்று சொல்லி அனுப்புகிறாள். செவ்வாய்க்கிழமைதோறும் அவர்கள் வரிசையாக வந்து எனக்கு நன்றி சொல்கிறார்கள். நானும் வாங்கிக்கொள்கிறேன்.