பந்திக்கு முந்தாத பெண்

சனிக்கிழமை காலை 5.50. மதுரையில் ஏறிய ரயில் செங்கல்பட்டில் இறக்கிவிட்டபோது என் கையில் இரண்டு பைகள். ஒன்றில் பருப்புப் பொடி, பூண்டு ஊறுகாய், முறுக்கு. இன்னொன்று காலிப் பை, மகளின் துணிமணிகளை அள்ளி வருவதற்கு. சாப்பாடு சரியில்லை என்று கண்டால் அவளை அன்றைக்கே பெரியகுளத்துக்குக் கூட்டி வந்துவிடுவது, பக்கத்தில் ஏதாவது கல்லூரியில் சேர்த்துவிடுவது என்ற முடிவோடுதான் கிளம்பியிருந்தேன்.

விஷயம் இதுதான். என் மகள் பவித்ரா உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் முதலாமாண்டு படிக்கிறாள். போன வாரம் ஆய்வகத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். இந்தப் பருவத்தில் இது இரண்டாவது தடவை. "சரியா சாப்பிடறதில்ல போலிருக்கு" என்றார் விடுதிக் காப்பாளர். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நானே ஒரு பெண்கள் விடுதியில் இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறவளின் பிள்ளை பசியில் விழுவதா? என்னோடு வேலை பார்க்கும் பாண்டியம்மாளிடம் சமையற்கட்டை ஒப்படைத்துவிட்டு ரயிலேறினேன்.

6.30. உத்திரமேரூர்ப் பேருந்து. முப்பது கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். பாலாற்றுப் பாலத்தில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் தெரிந்தது. படாளம் கூட்டு ரோட்டில் திரும்பியதும் இரண்டு பக்கமும் நெல். ஏரி ததும்பக் கிடந்தது. மலையடிவாரத்தில் பிறந்தவளுக்குத் தொடுவானம்வரை சமமாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்தால், யாரோ மேசையைத் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. இவ்வளவு நெல் விளைகிற இடத்தில் என் பிள்ளைக்கு ஒரு தட்டுச் சோறு இல்லையா என்று அந்தப் பச்சைமேலும் கோபப்பட்டேன்.

8.10. பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய், திருப்புலிவனம் தாண்டிப் போகவேண்டும். அங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாடு எப்படி என்று ஓட்டுநரிடம் விசாரித்தேன்.

"உள்ள மெஸ் கீது, கேன்டீன் கீது. கேட்டாண்ட பாய் கட பிரியாணி, எதுர கூழ் வண்டி. பசில யாரும் காயலம்மா" என்றார் அவர்.

அப்படியானால் என் மகள் மட்டும் ஏன் காய்ந்தாள்?

விடுதி வாசலில் அவளைப் பார்த்ததும் கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. கழுத்தெலும்பு தெரிந்தது. அணைத்துக்கொண்டபோது சின்ன வயசில் காய்ச்சல் வந்து கிடந்தபோது இருந்த எடைதான் கையில் தட்டுப்பட்டது. "நல்லாத்தான் சாப்பிடுறேன்மா" என்று போனில் சொல்லும் அதே பொய்யை நேரிலும் சொன்னாள். சனிக்கிழமை மதியமும் அவளுக்கு ஆய்வக வகுப்பு உண்டாம், ஒன்றரைக்கு.

அவள் காலை வகுப்பில் இருந்த நேரத்தில் நான் வளாகத்தை மேய்ந்தேன். கேன்டீனில் எலுமிச்சை சாதம் முப்பது ரூபாய், புளிப்புக் கூடுதல். வாசலில் கூழ் இருபது ரூபாய். மோர் மிளகாயும் மாங்காய்த் துண்டும் தந்தார்கள், வயிறு குளிர்ந்தது. குறை சொல்ல வந்தவளுக்கு இன்னும் ஒன்றும் சிக்கவில்லை.

12.15. விடுதி மெஸ். விருந்தினர் சாப்பாடு அறுபது ரூபாய். எங்கள் தொழிலில் சாம்பாரை மோந்து பார்த்தாலே சமைத்தவளின் மனசு தெரிந்துவிடும். முருங்கைக்காய் சாம்பார், கோஸ் பொரியல், ரசம், மோர், அப்பளம். சாதம் உதிரியாக வெந்திருந்தது. சாம்பாரை வாயில் வைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் சாம்பாரைவிட ஒரு படி மேலாகவே இருந்தது.

12.40க்குப் பவித்ரா வந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்காமல் சுவரோரம் போய் நின்றாள். பின்னால் வந்த பெண்களெல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள். சைகை காட்டினேன். கூட்டம் குறையட்டும் என்று அவளும் சைகை காட்டினாள். 1.20க்குக் கூட்டம் குறைந்தது. பொரியலும் தீர்ந்திருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அவள் நேராகச் சமையற்கட்டுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன்.

உள்ளே மெஸ் வேலைக்காரப் பெண்கள் சாப்பிடுவதற்குத் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, அடிச்சோற்றில் ரசத்தை ஊற்றி நாலு வாய் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, தன் தட்டோடு இன்னும் இரண்டு தட்டையும் கழுவி வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினாள் என் மகள்.

தலைமைச் சமையல்காரி சரோஜா திருப்புலிவனத்துக்காரி. "தெனிக்கும் இப்டிதான் யக்கா" என்றாள். "எல்லாம் துன்னு முடிச்சப்புறந்தான் வருது. முன்னாடியே வாம்மான்னா கேக்காது. நாங்க எடுத்து வெச்சாலும் வேற பொண்ணுக்குக் குட்த்துடுது. லேட்டாச்சின்னா துன்னாமயே பூடுது. யாரு கத்துக்குட்த்தாங்களோ."

நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

நாலு வயதில் அவளைத் தூக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். அடுப்புக்குப் பின்னால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அப்பளம் கேட்பாள். அக்காமாரெல்லாம் சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம்தான் நமக்கு என்பேன். ஒரு நாளா, இரண்டு நாளா? அவள் பள்ளிப் படிப்பு முடியும்வரை விடுமுறை நாள் மதியமெல்லாம் அப்படித்தான். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று சொன்னவர்கள் பந்தியில் பரிமாறுகிறவளின் பிள்ளையை நினைத்துச் சொல்லவில்லை. சண்டை போட வந்த நான் அந்தச் சமையற்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். சரோஜா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

மாலை 5.30. வேப்பமரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் வைத்து மகளிடம் கேட்டேன்.

"பரிமாறுற அக்காவப் பாத்தா ஒன்னய மாதிரியே இருக்கும்மா. அவங்க பசியோட நிக்கைல நான் எப்படி முன்னால போயி உக்காந்து சாப்பிட?"

"நான் நின்னதே நீ உக்காரணும்னுதான்டி" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இரவுச் சாப்பாட்டு மணி ஏழேகாலுக்கு. ஏழு மணிக்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றேன். எனக்கே கால் கூசியது. உள்ளே போய் நாலு பேருக்குப் பரிமாறிவிட்டு வந்தால் தேவலை போல இருந்தது. சரோஜா எங்கள் தட்டில் சூடான சப்பாத்தியையும் குருமாவையும் வைத்துவிட்டு, "இன்னிக்குதான் இந்தப் பொண்ணு ஸ்டூடண்ட்டு மாரி கீது" என்றாள். பவித்ரா குனிந்தபடியே சாப்பிட்டாள். நாலாவது சப்பாத்திக்குத் தானாகவே எழுந்து போனாள். சரோஜாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வாங்கி வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு உள்ளே இறங்கியது.

ஞாயிறு காலை. காலிப் பை காலியாகவே திரும்பியது என்று சொல்ல முடியாது. சரோஜா புளிசாதம் கட்டி அதில் வைத்திருந்தாள். பவித்ரா வாசல்வரை வந்தாள். காலைச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும், "போறேம்மா, லைன் நீண்டுரும்" என்று ஓடினாள். பெற்ற பிள்ளை வழியனுப்பாமல் சோற்றுக்கு ஓடியதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மதியம் 12.05. ரயில் விழுப்புரம் தாண்டியதும் பாண்டியம்மாளைக் கூப்பிட்டேன். அவளும் தன் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருவாள். அதே அடுப்புக்குப் பின்னால், அதே அரிசி மூட்டை.

"ஒம் மக சாப்பிட்டாளா?" என்று கேட்டேன்.

"இன்னும் பிள்ளைக யாரும் சாப்பிடலயேக்கா" என்றாள், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல.

"மணி அடிக்கிறதுக்கு முன்னால அவளுக்குத் தட்டுப் போடு. யாரும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

போனை வைக்காமல் காத்திருந்தேன். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அப்பளம் கேட்கும் சின்னக் குரலும் கேட்டது. பாண்டியம்மாள் கொடுத்துவிட்டதாகச் சொன்ன பிறகே புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தேன்.