என் பேரில் பூட்டிய ஃபைல்கள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையின் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரைப் பத்து வருடம் ஓட்டினேன். பிரிண்டருக்குப் பேப்பர் மாட்டப் போனவன், பார்த்துப் பார்த்தே ஆபரேட்டர் ஆனேன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு, சரக்கு அனுப்பும் கணக்கைப் போடும் டிஸ்பாட்ச் ஜாபை அதில் ஓட்ட வேண்டும். எந்த லாரியில் எவ்வளவு கம்பி என்கிற லிஸ்ட் அந்த ஜாபில்தான் அச்சாகும். லிஸ்ட் இல்லாமல் ஒரு லாரியும் கேட்டைத் தாண்டாது. அதனால் எனக்கு லீவே கிடையாது.

அப்போதுதான் என் மகளுக்குப் பழவேற்காட்டில் நிக்காஹ் முடிவானது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஜாப் முடியவே ஒன்பதரை ஆகும், அதன் பிறகு பழவேற்காடு போக ஒரு மணி நேரம். மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஜாபு தானா ஓடுனா நீ போ பாய். இல்லாங்காட்டி முடிச்சிட்டு அப்பால போ."

அந்த வாரத் திங்கட்கிழமை, குறித்த நேரத்தில் ஜாபைத் தானாக ஓட்டும் ஷெட்யூலரில் ஏற்றினோம். செவ்வாய் காலை இரண்டாவது ஸ்டெப்பில் 'அனுமதி இல்லை' என்று நின்றது. என் ஐடியில் ஓட்டினேன், வழுக்கிக்கொண்டு ஓடியது.

மேனேஜர் சிரித்தார். "இன்னா பாய், நீ ஓட்டுனா ஓடுது, அதுவா ஓட்டுனா மொறைச்சிக்கினு நிக்குது?"

சிஸ்டம்ஸ் பார்க்கும் தேவி, கம்பெனி ஃபைல் அத்தனைக்கும் ஷெட்யூலர் ஐடிக்கு அனுமதி கொடுத்தாள். புதன்கிழமையும் அதே எரர்.

"பேஜாருபா! பாயோட பாஸ்வேர்டை ஜாபுலயே எழுதி உட்டுடும்மா" என்றார் மேனேஜர்.

"அதுக்கு மெயின் கேட்டுலயே எழுதி ஒட்டிடலாம் சார்" என்றாள் தேவி.

நானும் விடவில்லை. "மாசாமாசம் பாஸ்வேர்டு மாறும் சார். அன்னிக்கு லாரிக்காரன்லாம் கேட்டுலயே நாஷ்டா துன்னுகினு நிப்பான்."

அதன் பிறகுதான் எரர் வரியை முழுதாகப் படித்தேன். ஜாப் நடுவில் எழுதும் ஃபைலின் பெயர் என் ஐடியில் தொடங்கியது. ஒருவர் ஐடியில் தொடங்கும் ஃபைலை அவர் அனுமதிக்காமல் இன்னொரு ஐடி தொட முடியாது. அப்படிப் பெயர் வைத்தது நானேதான். கம்பெனி பெயரில் வைக்கச் சொல்லியும், ஸ்கிரீனில் என் பேர் தெரியட்டும் என்று கேட்காமல் விட்டேன்.

தேவியிடம் போய் அதைச் சொன்னேன்.

"பாய், கம்பெனி ஃபைலுக்கு உங்க பேரா? இன்னா, ஊட்டுப் பத்திரமா இது?" என்றாள் தேவி.

பதினேழு ஃபைல். சாயந்திரத்துக்குள் பெயர் மாற்றினோம், ஜாபிலும் திருத்தினோம். வியாழன் காலை கீபோர்டைத் தொடாமல் நின்று பார்த்தேன். ஓடியது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் செல்போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்பதே முக்கால் வரை யாரும் கூப்பிடவில்லை. பொறுக்காமல் நானே மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"லாரில்லாம் ஒம்பதரைக்கே கேட்டைத் தாண்டிப் பூட்ச்சி பாய். நீ போனை வெச்சிட்டு பொண்ணு கல்யாணத்தைப் பாரு."

சந்தோஷம்தான். நான் இல்லாமலே ஓடிவிட்டதே என்று உள்ளே ஒரு முள்ளும் குத்தியது.

இன்று வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அனுமதியை ஆள் பேரில் வைக்காதீர்கள், வேலையின் பேரில் வையுங்கள். படித்தவர்களுக்கு இது புத்தகத்தில் இருக்கும். நான் மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது புரிந்துகொண்டேன்.