கன்னையா தந்த ஐந்து நட்சத்திரம்

கன்னையா என் தங்கை தனலெட்சுமியின் புருஷன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

ரவாங்கில் பிறந்தவன். படிப்பு சுமார், பேச்சு அபாரம். தண்ணீர் ஃபில்டர் விற்றான், காப்புறுதி பாலிசி விற்றான், உடம்பை இளைக்க வைக்கும் தூள் விற்றான். அந்தத் தூளை விற்ற இரண்டு வருடத்தில் அவன் தொப்பை இரண்டு அங்குலம் கூடியது. நாற்பத்தாறு வயதில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் அறை எடுத்து ‘டிஜிட்டல் ஆலோசகர்’ என்று போர்டு மாட்டினான். இரண்டு மென்பொருள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கட்டம் போட்டு, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று இணையத்தில் எழுதுவதுதான் வேலை. படிக்கிறவர் கீழே உள்ள இணைப்பை அழுத்தி வாங்கினால் அவனுக்குப் பங்கு வரும். இரண்டையும் திறந்துகூடப் பார்க்க மாட்டான்.

நான் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் இருபது வருடமாகச் சரக்கு இறக்குகிறவன். பெட்டியைப் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அவன் என்னைப் பழைய காலத்து ஆள் என்பான். நான் அவனை என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது.

போன தீபாவளிக்கு மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அவன் பிழைக்க வேண்டும் என்று தனலெட்சுமி தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். நாற்பத்தெட்டு நாள் சைவம், தரையில் படுக்கை. அவன் மட்டும் கட்டிலில் குறட்டை விட்டான்.

எங்களுக்குத் தெரிந்த பலரும் கிள்ளானில் அமுதவள்ளி அக்காவிடம்தான் குடம் சொல்லிவைப்பார்கள். விரதம் தொடங்கும்போதே பெயர் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு குடத்திலும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க சிமெண்டுத் தரையில் வைப்பார். தரை நனைந்தால் அந்தக் குடம் கடைக்கே திரும்பிவிடும். தேறியதற்கு மஞ்சள் பூசி, நூல் சுற்றி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். வாங்கியவர்கள் பூசையறையில் வைத்துவிட்டால் தைப்பூசத்தன்று பால் ஊற்றும்வரை தொடமாட்டார்கள். அக்கா பார்த்துவிட்டார் என்ற நம்பிக்கைதான்.

இந்த வருடம் அக்காவுக்கு முழங்கால் வலி. ஐம்பத்து மூன்று குடங்களைத் தூக்கி அலைய முடியாது, ஏதாவது வழி சொல்லு என்று கன்னையாவிடம் போனார். வேன் வாடகைக்கு எடுங்கள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதற்கு நட்சத்திரம் போட முடியாதே.

அவன் போட்ட கட்டத்தை நான் படித்தேன். ஒரு பக்கம் மெஷின் லேர்னிங் தளம்: கையிலிருக்கும் கணக்குகளை அதற்குள் கொட்டினால், அதைப் படித்து இனி நடக்கப்போவதைக் கணித்துச் சொல்லும். இன்னொரு பக்கம் டிராப்ஷிப்பிங் கருவி: எங்கோ இருக்கும் கிடங்கின் பொருளை நம் கடையில் காட்டும், ஆர்டர் வந்தால் அங்கிருந்து நேரே வாங்குகிறவர் வீட்டுக்கு அனுப்பிவிடும். ரைஸ் குக்கரையும் லோரியையும் ஒப்பிட்டதுபோல் இருந்தது. கணிக்கிற தளத்துக்கு மூன்றே நட்சத்திரம். காரணம், அதில் பொருள் வாங்கும் கூடை இல்லையாம். டிராப்ஷிப்பிங் கருவிக்கு ஐந்து. குறை என்ற கட்டத்தில் ‘எதுவுமில்லை’ என்று எழுதியிருந்தான்.

“அக்கா, நீங்க குடத்தைத் தொடவே வேணாம் லா. வீட்டுல உட்கார்ந்து சாமி கும்பிடுங்க, சிஸ்டம் பார்த்துக்கும்,” என்றான். ‘பித்தளைக் குடம்’ என்று ஆங்கிலத்தில் தேடி, படத்தில் அழகாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அவன்தான். ஐம்பத்து மூன்று முகவரிகளையும் ஏற்றினான். அதில் அவன் வீடும் ஒன்று.

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் முன்னால் நான் தங்கை வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கன்னையாவை அழைத்தார். அவன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டான்.

“தம்பி, இங்க மேரு ஊருல ஒரு பொண்ணு குடத்தைக் கழுவப் போயிருக்கு. அடியில ஒட்டியிருந்த ஸ்பான்ஜ் கழண்டு வந்து, உள்ள ஓட்டை இருக்குதாம். உங்க வீட்டுக்கும் வந்திருக்கும்ல, கொஞ்சம் பாருங்க.”

கன்னையா பூசையறைக்குப் போய்க் குடத்தைத் தூக்கி வந்தான். ஸ்பான்ஜைப் பிய்த்தான். அடியில் இருபது காசு நாணயம் அகலத்துக்கு ஓட்டை. அது செடி வளர்க்கிற தொட்டி. தண்ணீர் வடிவதற்காக ஓட்டை வைத்தே செய்திருக்கிறார்கள். என்னைப் பார்த்தான், பிறகு ஓட்டையைப் பார்த்தான்.

“நம்ம வீட்டுது நல்லாத்தான் இருக்கு அக்கா,” என்றான். “ஒரு பீஸ்தான் டிஃபெக்ட் போல. மத்தவங்கள டிஸ்டர்ப் பண்ணாதீங்க.”

எனக்குக் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. ஐம்பத்து மூன்று பேர் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, விடியற்காலையில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து பாலை ஊற்றுவார்கள். அது காலடியில் ஒழுகும். அத்தனையும் இந்த மனுஷனின் ஐந்து நட்சத்திரத்தில் ஒன்று குறையக்கூடாது என்பதற்காக.

நான் வாயைத் திறப்பதற்குள் தனலெட்சுமி சமையலறையிலிருந்து வந்து, குடத்தின் அடியைப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

“அக்கா, எங்க வீட்டுக் குடத்துலயும் ஓட்டை இருக்கு. எல்லாத்தையும் மாத்துங்க. அண்ணன வேனோட அனுப்புறேன்.”

“ஏய், உள்பக்கமா ஒட்டிடலாம்ல? சிலிக்கான் போட்டா யாருக்குத் தெரியும்?” என்றான் கன்னையா.

அவள் ஃபோனை மேசையில் வைத்தாள். அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

நான் நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். அக்காவும் நானும் கிள்ளானில் பாத்திரக் கடை கடையாக ஏறி இறங்கினோம். போதாததற்குப் பெட்டாலிங் ஜெயாவரை போனோம். அக்கா வீட்டு முன்புறம் முழுக்கக் குடங்கள், எல்லாவற்றிலும் தண்ணீர். ஆறு குடம் ஒழுகியது, மாற்றினோம். கடைசிக் குடத்தைத் தங்கை கையில் கொடுத்தபோது அக்காவால் படி ஏற முடியவில்லை. வேனில் உட்கார்ந்தபடியே கொடுத்தார். கன்னையா அன்று வெளியே வரவில்லை. ‘கூரியர் கோளாறு’ என்று ஒரு புதுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான்.

தைப்பூசத்தன்று தனலெட்சுமி ஒரு சொட்டுச் சிந்தாமல் மலையேறினாள். இறங்கி வரும்போது நான் அவள் பக்கத்தில் நடந்தேன். அவன் மூச்சு வாங்குகிறது என்று கீழே தண்ணீர்ப்பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அவனுக்கு ஆயுசு கேட்டல்ல? கூடவே கொஞ்சம் புத்தியும் கேட்டிருக்கலாம்,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

“போன ரெண்டு வருஷமும் அதுக்குத்தாண்ணே பால்குடம் எடுத்தேன்,” என்றாள்.