பரிசல்காரன் முகத்தில் பூத்த வெள்ளை

என் சித்தி மகன் சென்னப்பனின் மருமகள் ஜாஸ்மின். காரிமங்கலம் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்த்தே வயதைச் சொல்லும் அவள் தாத்தாவின் கண் அப்படியே இவளுக்கு. அதியமான்கோட்டை மருந்துக்கடையில் வேலை. வீட்டுக்கு வந்தால் கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவாள்.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். முதல்முறையாகப் பெங்களூரில் நடக்கும் பொம்மை வண்ணப் போட்டிக்கு ஒரு பொம்மையைக் கொண்டுபோகிறாள். ஒகேனக்கல் பரிசல்காரன், முகமெல்லாம் சுருக்கம். சுருக்கத்தில் நிழல் தெரிவதற்குக் கருஞ்சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிடுவார்கள். வாஷ் என்று பெயர். இவளும் ஓடவிட்டாள். காய்ந்தால் கருப்பு நிறத்தையே காணோம், வெள்ளை பூத்திருக்கிறது! மத்தியானம் பஸ்.

"என்ன புள்ள, உன் ஆளு விபூதி பூசிக்கிட்டானா?" என்று சிரித்தான் புருஷன் கதிரவன்.

"நீங்க வேற! எரிச்சலக் கிளப்பாம போய் டீ போடுங்க."

கதிரவன் கெட்டிலைத் திறந்தான். "நம்ம வூட்டு போர் தண்ணிய ஊத்தி உள்ளெல்லாம் உப்பு படிஞ்சு கெடக்குது பாரு."

ஜாஸ்மின் எட்டிப் பார்த்தாள். அதே வெள்ளை!

"ஐயோ, சாயத்தையும் அந்தத் தண்ணியிலதாங்க கரைச்சேன்!"

ரோட்டுக்கடைக்கு ஓடி, பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீரை வாங்கி வந்தாள். முகத்துக்கு மறுபடி நிறம் பூசிக் காயவிட்டு, புதிதாகச் சாயம் கரைத்து ஓடவிட்டாள். கன்னத்தில் தேங்கியதைக் காய்ந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்தாள். காயக் காயச் சுருக்கம் ஒவ்வொன்றும் கருகருவென்று எழும்பி வந்தது. வெயிலில் துடுப்புப் போட்டுக் களைத்த மனுஷன் முகமேதான்!

"வண்டிய எடுங்க, பஸ் போயிடும்!" என்று வாசலில் நின்று கத்தினாள் ஜாஸ்மின். கையில் பொம்மைப் பெட்டி, காலில் செருப்பில்லை.