சித்தி கடை பார்த்த தெரு

சித்தி தையற்காரி. இருபத்தாறு வருடம் ஒரே வாடகை அறையில் மிஷின் மிதித்தாள். கட்டடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டியதும் மகன் வந்து நின்றான்.

"மிஷினை மூடிட்டு எங்கூட வந்துடும்மா. குழந்தையைப் பாத்துக்க ஆளில்ல."

"கை ஓடுற வரைக்கும் எனக்குக் கடை வேணும்டா."

புதுக் கடைக்கு ஆறு மாதம் கெடு வைத்தான். ஓடாவிட்டால் பேசாமல் கிளம்பி வந்துவிட வேண்டும்.

நான் நாலு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். "ஏய் ஊர்சுத்தி, நீயும் வா. உனக்குத்தான் இடம் பாக்கத் தெரியும்" என்று சித்தி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

தரகர் காட்டிய அறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். சித்தி சுவரைத் தடவி ஈரம் பார்த்தாள். மிஷின் நுழையுமா என்று வாசலை டேப் வைத்து அளந்தாள். பிறகு தெருவில் இறங்கி அண்ணாந்தபடியே நடந்தாள். மொட்டைமாடி தோறும் கொடி கொடியாகப் பெண்களின் துணி.

"பாருடி! எல்லாம் அளவெடுத்துத் தைச்சது. ஒண்ணுகூட ரெடிமேட் இல்ல. அந்தப் பச்சைக்குத் தோள் எப்படி இறங்கிக் கெடக்கு பாரு. தைச்சவ கையை ஒடிக்கணும்!"

"நல்லாப் பாத்துக்குங்கக்கா. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றார் தரகர்.

தெருவில் ஒரு பெண்ணும் கண்ணில் படவில்லை. எனக்கு அது உறைக்கத்தான் செய்தது. ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது. சித்தி என் முகத்தைப் பார்த்தபோது, "சூப்பர் சித்தி" என்றேன்.

கடை திறந்த மூன்றாம் நாள் விஷயம் தெரிந்தது. அந்த மாடிகளை எல்லாம் ஒரு சலவை நிலையம் வாடகைக்கு எடுத்திருந்தது. ஊரெங்கும் இருந்து வேனில் வந்த துணி அங்கே காய்ந்து, மடிந்து, அதே வேனில் திரும்பிப் போனது. கீழ்த்தளம் முழுக்கக் கிடங்குகள். குடியிருந்தது பூனைகள்தான்.

ஐந்தாம் மாதம் நான் போனபோது சித்தி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டயாவது ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாமே சித்தி?"

"எனக்குத் துணியைப் பாத்துதான்டி பழக்கம். மனுசங்களைப் பாத்துப் பழகுனவ நீதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"



கெடு முடியப் பத்து நாள் இருக்கையில் சலவை நிலைய மேலாளர் கடை ஏறி வந்தார். துணிகள் மாறிப்போகாமலிருக்க ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டையிலும் எண் போட்ட சின்னத் துண்டு வைத்துத் தைக்க வேண்டுமாம். நாலு தையல் போதும். மிஷினே வேண்டாம். சித்தி சரி என்றாள்.

சொன்ன தேதிக்கு மகன் வந்தான். மேசையில் மலையாகக் குவிந்திருந்த துணியைக் கண்டு வாயைப் பிளந்தான்.

"பரவாயில்லையேம்மா! இவ்வளவு வருதா?"

"ஒரு நாளைக்கு முந்நூறு உருப்படி" என்றாள் சித்தி. தலையைத் தூக்கவில்லை.

"அப்ப ஆயாதான் வைக்கணும்" என்று சலித்துக்கொண்டே அவன் படியிறங்கினான். அவன் தலை மறையும்வரை ஊசியைப் பிடித்தபடி இருந்தவள், அடுத்த சட்டையின் கழுத்தைத் திருப்பி, நூற்றுப் பதினெட்டைத் தைத்தாள்.