என்னைப் பற்றி அரைப் பக்கம்

புத்தகம் எதைப் பற்றி, எத்தனை அத்தியாயம், யார் வாங்குவார்கள், மாதிரிக்கு இரண்டு அத்தியாயம், ஆசிரியர் பற்றி அரைப் பக்கம். சென்னைப் பதிப்பகம் கேட்டது இவ்வளவுதான். மும்பை தாராவியில் விடியுமுன் இட்லி அவிக்கும் எங்கள் சந்துப் பெண்களைப் பற்றி இருபது வருடமாக மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தவள் நான். பத்தே நாளில் முடித்துவிட்டேன். அரைப் பக்கத்தை ஒரே மூச்சில் எழுதினேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், அப்பா பலசரக்குக் கடை, அண்ணன்கள் இருவர், இருவருக்கும் திருமணமாகிவிட்டது, கணவர் சைக்கிளில் இட்லி வியாபாரம், ஒரே மகள் கல்லூரியில்.

பதிப்பாசிரியை போனில் அழைத்தார். மரியாதையான பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"அத்தியாயம் ரெண்டும் பிரமாதம்மா. ஆனா இந்தக் குறிப்பு, மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுத்துவிடுறது மாதிரி இருக்கு. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அதோடும் விடவில்லை. புது ஆளின் புத்தகத்தை யாரை நம்பி அச்சடிப்பது, மூன்று மாதத்தில் கொஞ்சம் வாசகர்களைச் சேர்த்துக் காட்டுங்கள், பிறகு முடிவு சொல்கிறோம் என்றார். ஆள் சேர்க்க நான் என்ன கட்சியா நடத்துகிறேன் என்று போனை வைத்தபின் கத்தினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள்தான் மாட்டினாள்.

அவளே ஃபேஸ்புக்கில் பக்கம் திறந்து முதல் அத்தியாயத்தைப் போட்டாள். லைக் போட்டதெல்லாம் இங்கேயே பிறந்து வளர்ந்த சொந்தக்காரப் பிள்ளைகள். ஒருத்தரும் படிக்கவில்லை. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் அத்தை என்றார்கள். யாரைக் குறை சொல்ல? என் மகளே கடைப் பலகையைத் தாண்டித் தமிழ் படிக்கமாட்டாள்.

"மம்மி, நீயே படிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. கேக்கத்தான செய்வாங்க," என்றாள் அவள்.

ஞாயிறு மதியம் கிரைண்டர் ஓய்ந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பக்கம் வாசித்து, சந்துப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தன் மாமியார் மாவுச் சட்டியைக் கவிழ்த்த கதையை ஏன் விட்டாய் என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். அடுத்த வாரம் அவளே உல்லாஸ்நகரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினாள். அங்கிருந்து எங்கெங்கோ போயிருக்கிறது. திலக் நகரில் ஒரு கடையில் உளுந்து புதுசா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை படிக்கிறது நீங்கள்தானே என்றார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும், ரேடியோ ஸ்டேஷன் திறந்தாச்சா என்று கேலி செய்துகொண்டே இருந்தார். கெடு முடிகிற வாரம், வியாபாரம் முடிந்து வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். மாட்டுங்காவில் இட்லி வாங்குகிற ஒரு வீட்டில், இட்லிக்காரப் பெண்கள் கதை சொல்கிறவரைத் தெரியுமா என்று அவரிடமே கேட்டார்களாம்.

"நீங்க என்ன சொன்னிய?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல. நான் அவ வீட்டுக்காரன்னேன்."

இத்தனை வருடமும் சந்திலும் சர்ச்சிலும் நான்தான் இட்லிக்காரர் பெண்டாட்டி. அவருக்குச் சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அன்று மதியமே அரைப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். அப்பாவின் கடையும் அண்ணன்களின் கல்யாணமும் போயின. நான் இட்லி அவிக்கிறேன், எழுதுகிறேன், வாசித்துக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். குழுவுக்கு வந்த குரல் பதில்களையெல்லாம் மகள் சேர்த்து, அதோடு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். புத்தகம் எப்போது வரும், வாங்கி அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வோம் என்று தமிழ் படிக்க வராத பிள்ளைகள் பாதிப் பேர் சொல்லியிருந்தார்கள்.

நாலாம் நாள் சம்மதம் வந்தது. அரைப் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், கடைசி வரியில் மட்டும் கைவைக்காதீர்கள் என்று பதிப்பாசிரியை எழுதியிருந்தார். வீட்டுக்காரர் அந்த வரியை விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

'மாட்டுங்காவில் இட்லி விற்கும் ஒருவர் தன்னை என் கணவர் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.'